தலைக்கு நீர் வார்க்காத நோய்

உடம்பில் தோன்றும் பிணிகளுள் தோல் பிணி ஒன்றே பிறர் கண்ணுக்கு முதலில் படுவது. இதயநோயாளி தன் நோயைச் சொன்னாலொழியப் பிறர் அறியார். தோலில் ஒரு வெண்திட்டு விழுந்தவரோ வாய் திறக்குமுன் ஊர் அவருக்கு ஒரு பெயரிட்டுவிடுகிறது. அந்தப் பெயர் அவர் மனத்தை என்ன செய்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள். தோல் நோய்க்கும் மன நோய்க்கும் உள்ள உறவு குறித்து இன்றைய மருத்துவம் நிறையவே சொல்கிறது. ஆனால் அவ்வுறவின் பெரும்பகுதி ஊரும் சட்டமும் சேர்ந்து உண்டாக்கியது என்பதை வரலாற்றின் வழியாகவே அறிய முடியும். அதற்கான சான்றுகள் நம் சென்னையின் மேற்குப் புறத்தில், பூந்தமல்லி நெடுஞ்சாலையின் இரு மருங்கிலுமே கிடைக்கின்றன.

முதலில் இலக்கியம். சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை புகார் நகரத்தின் ஐந்து மன்றங்களைக் கூறுகிறது. அவற்றுள் இரண்டு நமக்குரியவை. ஒன்று இலஞ்சி மன்றம். கூனரும் குறளரும் ஊமரும் செவிடரும், அவர்களோடு உடம்பு அழுகியவர்களும் அங்குள்ள பொய்கையில் மூழ்கி எழுந்தால் நல்லுடம்பு பெறுவர். அதை அடுத்தே இளங்கோவடிகள் சொல்வது நெடுங்கல் மன்றம். பிறர் வஞ்சகமாக ஊட்டிய மருந்தால் பித்தேறியோர், நஞ்சுண்டோர், பாம்பு தீண்டியோர், பேய் பிடித்தோர் ஆகியோர் அங்கு நாட்டிய கல்லை வலம் வந்து தொழத் துயர் நீங்குவர். உடம்பு அழுகியோர்க்கு ஒரு மன்றம், அடுத்ததாக மனம் கலங்கியோர்க்கு ஒரு மன்றம். இரண்டும் ஊருக்குள்ளேயே இருக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். நோயுற்றவர் உள்ளே போகிறார், நலம் பெற்று வெளியே வருகிறார். மீண்டு வரும் வழி ஒன்று அங்கே இருக்கிறது. இது கவியின் கற்பனை எனலாம். ஆனாலும் ஒரு சமூகம் தன் நோயாளிகளுக்கு எதை விரும்பியது என்பதைக் கற்பனையும் காட்டும்.

மருத்துவ நூல்கள் இவ்விரு நோய்களையும் வேறொரு வகையில் அருகருகே வைத்தன. சரகர் தம் நூலில் வெண்திட்டு நோய்க்குரிய காரணங்களைச் சொல்லுமிடத்தில், பொய் பேசுதல், நன்றி மறத்தல், தெய்வத்தையும் ஆசானையும் இகழ்தல் ஆகியவற்றையும் சேர்க்கிறார். உன்மாதம் எனப்படும் பித்துக்குக் காரணம் கூறும்போதும் தெய்வத்தையும் ஆசானையும் இகழ்ந்த குற்றம் வந்து நிற்கிறது. ஆயுர்வேதம் குட்டத்தைப் பதினெட்டு வகையாகப் பிரித்தது. இன்று நாம் தொழுநோய், காளாஞ்சகப்படை, படர்தாமரை எனத் தனித்தனியே அறியும் பல நோய்கள் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிக் கிடந்தன. உணவையும் நாடியையும் பற்றி நுட்பமாக ஆராய்ந்த மருத்துவமும், காரணம் விளங்காத இடத்தில் நோயாளியின் ஒழுக்கத்தையே ஐயுற்றது. நோயோடு பழியும் சேர்ந்தது. தோல் நோயாளியின் மனச்சுமைக்கு மூலம் இங்கேதான் இருக்கிறது.

ஆனால் தோலில் தோன்றும் எல்லா நோய்க்கும் தமிழர் பழி சுமத்தினரா? இல்லை. இதற்குத் திருவேற்காடே சான்று. மதுரவாயலைத் தாண்டி நெடுஞ்சாலையிலிருந்து வடக்கே திரும்பினால் கருமாரியம்மன் கோயில். பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை எல்லாமே மாரியின் வருகை என்பது நம் பக்கத்து நம்பிக்கை. அம்மை கண்ட வீட்டில் நோய் என்ற சொல்லையே எடுப்பதில்லை. "அம்மா இறங்கியிருக்கிறாள்" என்பர். கொப்புளத்துக்கு முத்து என்று பெயர். வாசலில் வேப்பிலை செருகுவர். தாளிப்பு இல்லை, விருந்தினர் வருகை இல்லை. நோயாளிக்கு இளநீரும் குளிர்ந்த உணவும் கொடுத்து, அரிக்கும் இடத்தை வேப்பங்கொழுந்தால் தடவிவிடுவர். அவரைக் கடிந்து பேச வீட்டில் ஒருவர்க்கும் துணிவு வராது, அவர் உடம்பில் இருப்பவள் அம்மன் அல்லவா! பின் ஒரு நாள் பார்த்து, மஞ்சளும் வேப்பிலையும் இட்ட நீரைத் தலைக்கு ஊற்றுவர். அன்றோடு எல்லாம் முடிந்தது. மறுநாள் அவர் தெருவில் நடக்கலாம், சந்தைக்குப் போகலாம்.

இந்த வழக்கத்தைப் போற்றிப் பாடுவது நம் நோக்கமன்று. பெரியம்மை கொடிய கொல்லி. பிழைத்தவர்களுள்ளும் பார்வை இழந்தோர் உண்டு, முகத் தழும்பால் மணம் தடைப்பட்ட பெண்கள் உண்டு. அதை ஒழித்தது தடுப்பூசியே. இந்தியாவில் உள்நாட்டுத் தொற்றால் கடைசியாகப் பெரியம்மை கண்டது 1975 மே மாதத்தில். 1980இல் உலகமே அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பெற்றது. நாம் சுட்ட விரும்புவது ஒன்றே. அம்மை கண்டவரைத் தனிமைப்படுத்தினர், ஆயின் தள்ளிவைக்கவில்லை. அந்தத் தனிமைக்கு ஒரு முடிவு நாள் இருந்தது. முடிந்ததை ஊர் அறிய ஒரு சடங்கும் இருந்தது.

திருவேற்காட்டிலிருந்து சில கிலோமீட்டர் மேற்கே பூந்தமல்லி. அங்குள்ள வைத்தீசுவரன் கோயிலைச் சென்னையின் செவ்வாய்த் தலமாகக் கொள்வர். சீர்காழிக்கு அருகிலுள்ள மூலத் தலமாகிய வைத்தீசுவரன் கோயிலின் புராணத்தில், குட்டநோய் கண்ட செவ்வாய் அங்கு வழிபட்டு நலம் பெற்றதாகக் கதை. கோள்களுள் ஒருவனுக்கே வந்த நோயை இறைவன் தீர்த்தான் என்பது கேட்க இதமாகத்தான் இருக்கிறது. ஆயினும் பெருநோய் கண்ட மனிதருக்கு ஊர் அந்த இதத்தைக் காட்டவில்லை. அம்மை அருள் எனப்பட்டது. பெருநோய் வினைப்பயன் எனப்பட்டது. பெருநோய்க்குத் தலைக்கு நீர் வார்க்கும் நாள் என்று ஒன்று கிடையாது. வீட்டை விட்டுப் போனவர் போனவரே. இரண்டும் தோலில் தெரியும் நோய்கள்தாம், இரண்டும் தொற்றக்கூடியவைதாம். பார்க்கப்போனால் பெரியம்மை பெருநோயைவிடப் பன்மடங்கு விரைந்து தொற்றுவது. அப்படியிருந்தும் இரண்டு நோயாளிகளின் மனநிலையும் ஒன்றாக இருந்திருக்க முடியாது. ஒருவர் திரும்பி வரப்போகிறவர். மற்றவர்க்கு அந்த நம்பிக்கையே இல்லை.

வெள்ளையர் ஆட்சி இந்தப் பழைய விலக்கலுக்குச் சட்ட வடிவம் தந்தது. சென்னையில் பித்தர் விடுதியின் வரலாறு 1794இல் புரசைவாக்கத்தில் தொடங்குகிறது. மருத்துவர் வாலண்டைன் கனாலி நடத்திய தனியார் விடுதி அது. பின்னர் 1871இல் பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு வடக்கே, கீழ்ப்பாக்கத்து லோகாக் தோட்டத்தில் அரசு விடுதி 145 பேருடன் திறக்கப்பட்டது. 1922இல்தான் அதன் பெயர் அரசு மனநல மருத்துவமனை என மாறியது. இன்று அதுவே மனநலக் காப்பகம் எனவும் மனநல நிலையம் எனவும் வழங்குகிறது. தெருவில் திரியும் பித்தரைக் காவலர் பிடித்து நீதிபதி முன் நிறுத்தவும் அவரை விடுதிக்கு அனுப்பவும் 1858ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருந்தது.

நாற்பதாண்டு கழித்து 1898இல் வந்த தொழுநோயர் சட்டம் ஏறக்குறைய அதே அச்சில் வார்த்தது. தெருவில் பிச்சையெடுக்கும் ஏழைத் தொழுநோயரைக் காவலர் ஆணையின்றியே கைது செய்து காப்பகத்துக்கு அனுப்பலாம். சட்டம் தொழுநோயர் என்று எவரை வரையறுத்தது? புண் தோன்றத் தொடங்கியவரை. அதாவது நோய் உள்ளே இருப்பதன்று, கண்ணுக்குத் தெரிவதே குற்றமாயிற்று. வசதி படைத்தவர் வீட்டுக்குள் மறைந்திருக்கலாம், ஏழைக்கு அந்த வழியும் இல்லை. இதில் வியப்பு என்னவெனில், 1890-91இல் இந்தியா வந்து ஆராய்ந்த தொழுநோய் ஆணையமே, இந்நோய் தொற்றும் ஆற்றல் மிகக் குறைந்தது, கட்டாயமாகப் பிரித்து வைக்க வேண்டியதில்லை என்ற முடிவுக்கு வந்திருந்தது. அறிவு ஒருபுறம் சொல்ல, அச்சம் மறுபுறம் சட்டம் இயற்றிற்று. நம் மாகாணத்தில் 1920களில் செங்கற்பட்டுக்கு அருகே திருமணியில் லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லம் எழுந்தது. 1955இல் நடுவண் அரசு அதை ஏற்று ஆராய்ச்சி நிலையமாக்கியது. கலங்கிய மனத்துக்குக் கீழ்ப்பாக்கம், புண்பட்ட தோலுக்குத் திருமணி. புகாரின் இரு மன்றங்களைப் போலவே இவையும் இருந்தன. ஆனால் மருந்தில்லாத அந்நாளில் இவற்றின் வாயில்கள் பெரும்பாலும் உட்புறமாகவே திறந்தன.

தொழுநோயாளிகளிடம் சோர்வும் தன்வெறுப்பும் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் மிகுந்திருப்பதை மருத்துவர்கள் கண்டனர். இது நோய்க்கிருமியின் வேலையா? 1873இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டறிந்த அக்கிருமி, உடம்பின் குளிர்ந்த பகுதிகளான தோலையும் மேற்புற நரம்புகளையும் தாக்குவது. அது மூளையைத் தொடுவதில்லை. வேலூரில் 1946 முதல் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட், விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை என்று நிறுவினார். உணர்ச்சியற்றுப் போன கை சூட்டையும் வெட்டையும் அறியாமல் காயப்பட்டுக் காயப்பட்டே குறைகிறது. உணர்ச்சியை இழப்பது தோல். மனம் எல்லாவற்றையும் உணர்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஆகவே தொழுநோயாளியின் மனநோயைக் கிருமியின் கணக்கில் எழுத இயலாது. அது ஊரின் கணக்கில் எழுதப்பட வேண்டியது.

இதை உள்ளிருந்து சொன்ன தமிழர் ஒருவர் உண்டு. டி.என். ஜகதீசன் 1909இல் பிறந்தவர். சீனிவாச சாஸ்திரியாரின் கடிதங்களைத் தொகுத்தவர் என்ற வகையில் இலக்கிய அன்பர்களும் அறிந்திருக்கலாம். இளவயதிலேயே தொழுநோய் கண்டு, சிகிச்சையால் மீண்டு, அந்நோயாளிகளுக்காகவே வாழ்நாளைச் செலவிட்டார். விழுப்புரத்துக்கு அருகே மழவந்தாங்கலில் கஸ்தூரிபா பெயரால் அமைந்த தொழுநோய் நிலையத்தோடு அவர் பெயர் பிரிக்க முடியாதது. 1957இல் பத்மஸ்ரீ பெற்றார். 1965இல் தம் வாழ்க்கையை ஆங்கிலத்தில் நூலாக எழுதினார். தம் நோயைத் தம் பெயரோடு சேர்த்து அச்சிலேற்ற அந்நாளில் எத்தனை துணிவு வேண்டியிருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். தொழுநோயாளியை நோயின் பெயராலேயே அழைக்கும் ஆங்கிலச் சொல்லைக் கைவிட வேண்டும் என 1948இல் ஹவானாவில் கூடிய உலகத் தொழுநோய் மாநாடு தீர்மானித்தது. பெயரும் ஒரு புண் என்பதை மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட ஆண்டு அது.

தமிழ் மக்கள் மன்றத்தில் அப்போது நடந்தது வேறு. 1954இல் வெளிவந்த 'ரத்தக்கண்ணீர்' படத்தில் எம்.ஆர். ராதாவின் நடிப்பை வியக்காதவர் இல்லை. திருவாரூர் கே. தங்கராசுவின் நாடகமே படமாயிற்று. மேல்நாடு சென்று திரும்பிய செல்வன் ஒருவன் தாயையும் மனைவியையும் புறக்கணித்துத் தாசியிடம் செல்கிறான், தொழுநோய்க்கு ஆளாகிறான். சாதி, மதப் பாசாங்கு ஆகியவற்றையெல்லாம் கிழித்தெறிந்த அந்நாடகம், நோய் ஒழுக்கக்கேட்டின் தண்டனை என்ற பழைய எண்ணத்தை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டது. பகுத்தறிவாளர் மேடையிலும் சரகர் காலத்துப் பழி உயிரோடிருந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

தோலையும் மனத்தையும் ஒரே காரணம் தாக்கும் நோய்களும் உண்டு என்பதை மறுக்கவில்லை. பெல்லாக்ரா அத்தகையது. வெயில்படும் தோல் கருகி உரியும், வயிறு கெடும், பின் மனம் குழம்பும். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இந்நோயால் எத்தனையோ பேர் பித்தர் விடுதிகளை அடைந்தனர். தொற்றுநோய் என்றே நம்பப்பட்ட அது, உணவுக் குறையால் வருவது என்று 1910களில் ஜோசப் கோல்ட்பெர்கர் காட்டினார். நியாசின் என்னும் உயிர்ச்சத்தே அக்குறை என்பது 1937இல் தெளிவாயிற்று. மக்காச்சோளம் உண்போர் நோய் எனக் கருதப்பட்ட அது, தக்காணத்தில் வெள்ளைச்சோளம் உண்ட ஏழைகளிடமும் காணப்பட்டது. அதை ஐதராபாத்தில் ஆராய்ந்தவர் சேலத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற சி. கோபாலன். சோளப் புரதத்தில் மிகுந்துள்ள லியூசின் இந்நோய்க்குத் துணைபோகக்கூடும் என்று அவரும் ஸ்ரீகாந்தியாவும் 1960இல் எழுதினர். உயிர்ச்சத்தைக் கொடுத்தால் தோலும் தேறும், மனமும் தெளியும். உடம்பு வழியாக வந்த மனக்கலக்கம் மருந்துக்குக் கட்டுப்பட்டது. ஊர் வழியாக வந்ததுதான் இன்னும் கட்டுப்படவில்லை.

இன்றைய நிலைக்கு வருவோம். கருவில் தோலும் நரம்பு மண்டலமும் ஒரே புறப்படலத்திலிருந்து தோன்றுபவை. மன அழுத்தம் மிகும்போது காளாஞ்சகப்படை சிலருக்குத் தீவிரமாவதையும், அரிப்பு கூடுவதையும், அரிப்பால் உறக்கம் கெட்டு அழுத்தம் மேலும் பெருகுவதையும் மருத்துவர்கள் நன்கறிவர். காளாஞ்சகப்படையைப் பற்றி 2014இல் தீர்மானம் நிறைவேற்றிய உலக சுகாதாரப் பேரவை, அந்நோயாளிகள் படும் இழிவையும் எடுத்துரைத்தது. வெண்புள்ளியோ தொற்றாது, வலிக்காது, உயிருக்கு ஊறும் செய்யாது. உடம்பின் காப்பாற்றல் தன் நிறமிச் செல்களையே தாக்குவதால் வருவது. அதற்கு வெண்குட்டம் என்று பெயரிட்டதால் பெருநோயின் பழி முழுவதும் அதன் தலையில் ஏறியது. அந்தப் பெயரை மாற்றி வெண்புள்ளி என வழங்கச் செய்யச் சென்னையில் விழிப்புணர்வு இயக்கம் ஒன்றே நடத்த வேண்டியிருந்தது. அம்பத்தூரும் ஆவடியும் பூந்தமல்லியும் தொழிற்பேட்டையும் கல்லூரியும் நிறைந்த ஊர்களாகிவிட்டன. ஆனாலும் சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டையைக் கழற்றாத மாணவரையும், குழுப்படம் எடுக்கையில் பின்வரிசைக்கு ஒதுங்கும் மாணவியையும் ஆசிரியராக உள்ளவர்கள் காணாமலில்லை. பெண் பார்க்கும் படலத்தில் அவர்கள் வீட்டார் படும் பாடு தனி.

உறவு எதிர்த்திசையிலும் ஓடுகிறது. மனநோயால் வீட்டை விட்டு வந்து தெருவில் வாழ்பவர் உடம்பில் சொறியும் சிரங்கும் ஆறாப் புண்ணும் சேர்கின்றன. அவரைக் கண்டு மக்கள் விலகுவது பித்தைக் கண்டு மட்டுமன்று, தோலைக் கண்டும்தான். அத்தகைய பெண்களுக்காக 1993இல் தோன்றிய 'தி பேனியன்' அமைப்பு நம் அம்பத்தூருக்கு அருகே முகப்பேரில் இல்லம் கண்டது. கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தலைவராக இருந்த மருத்துவர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' நிறுவனம் அண்ணா நகர் மேற்கு விரிவில் இருக்கிறது. இவை நோயாளியை உள்ளே வைத்திருப்பதோடு நில்லாமல், வீட்டுக்கோ வேலைக்கோ திரும்ப அனுப்புவதையும் சிகிச்சையாகக் கொண்டவை. இலஞ்சி மன்றத்தின் கருத்து இதுவே.

சட்டமும் மெல்லத் திரும்பியிருக்கிறது. 1939ஆம் ஆண்டு முஸ்லிம் மணமுறிவுச் சட்டம் கணவனின் பித்தையும் தொழுநோயையும் ஒரே உட்பிரிவில் மணவிலக்குக் காரணங்களாக வைத்தது. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் அவற்றை அடுத்தடுத்த உட்பிரிவுகளில் வைத்தது. தொழுநோய்க்குக் கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்தது. ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ மருந்துண்டால் நோய் தீரும், தொடங்கிய சில நாட்களிலேயே தொற்றும் ஆற்றல் போகும். அப்படியும் மணவிலக்குக் காரணங்களிலிருந்து தொழுநோய் நீங்கியது 2019இல்தான். 1898ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டது 2016இல். மருந்து வந்து ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகே சட்டம் விழித்தது. மனநோய் இந்து திருமணச் சட்டத்தில் இன்றும் இருக்கிறது.

இன்னொரு பட்டியலையும் காண வேண்டும். 1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகையினரைக் குறித்தது. அவற்றுள் தொழுநோயிலிருந்து குணமானோரும் மனநோயாளரும் உண்டு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகையாக விரித்தபோதும் இருவரும் இருக்கின்றனர். விலக்குவதற்காக ஒன்றாக எழுதப்பட்ட அதே இரு பெயர்கள், இப்போது உரிமை தருவதற்காக ஒன்றாக எழுதப்பட்டுள்ளன. நூறாண்டு வரலாற்றின் பயன் இது எனலாம்.

ஆயினும் சட்டம் செய்ய முடியாத ஒன்று உண்டு. மருந்து முடிந்த நாளன்று தொழுநோயாளிக்குச் சான்று கிடைக்கிறது, ஆனால் தெரு அதைப் படிப்பதில்லை. குணமாகியும் மறுவாழ்வு இல்லங்களிலேயே முதுமையடைந்தோர் எத்தனை பேர்! வெண்புள்ளி உள்ளவர்க்கோ முடிவு நாளே தேவையில்லை, அவர் விலக்கப்பட்டிருக்கவே கூடாதவர். திருவேற்காட்டுப் பாட்டிமார்க்கு நுண்ணுயிரியல் தெரியாது. நோய் கண்டவரைத் திரும்ப அழைத்துக்கொள்ள ஒரு நாள் குறிக்க வேண்டும், அதை ஊர் அறியச் செய்ய வேண்டும் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அம்மைக்கு அவர்கள் காட்டிய அந்த அறிவைப் பிற தோல் நோய்களுக்கும் மனநோய்க்கும் நாம் இன்னும் விரிக்கவில்லை. இதற்கு மருத்துவரோ அரசாணையோ வேண்டியதில்லை. பக்கத்து இருக்கையில் உட்கார்வதும், அவர் கையால் ஒரு குவளை நீர் வாங்கிக் குடிப்பதும், பெண் பார்க்கப் போன வீட்டில் திட்டைப் பற்றிக் கேளாமல் வருவதுமே போதும்.